பால்பல் போன இடம்

மூத்தவனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைசிப் பால்பல் சொத்தையாகிவிட்டது. ஜூலை மாதம், விடாத மழை. ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். விடிந்ததும் மும்பை சயானில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு பல் கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்கினார், பஞ்சைக் கடிக்கக் கொடுத்தார். “தூத் கா தாந்த் ஹை, நயா ஆ ஜாயேகா” என்றார். பால்பல்தான், புதுசு வந்துவிடும் என்று. வீட்டுக்கு வந்தால் என் மாமியாரும் அதையேதான் சொன்னார்: “பால்பல்லுதானம்மா, விழுந்தாத்தான மொளைக்கும்?”

எங்கள் ஊர்ப்பக்கம், திருநெல்வேலியில், விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டுக்கூரை மேல் எறிவோம். இங்கே நான்காவது மாடியில் கூரைக்கு எங்கே போவது? ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சஜ்ஜா மேல் அவனே எறிந்தான். அந்தப் பல் போன இடத்தை அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நான் எட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை நடந்தது. “ஒரு பல் முளைக்கவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்” என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எடுத்தோம். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி. கீழ்த்தாடைக்குள் ஒரு முழுப் பல் படுத்துக் கிடந்தது. வெளியே வர அதற்கு வழியில்லை. பின்னால் இருந்த பெரிய கடைவாய்ப்பல் முன்பக்கமாகச் சாய்ந்து, பால்பல் போன இடத்தில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எழுந்தவர் சீட்டில் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காருவாரே, அப்படி.

பிடுங்கிய டாக்டர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிடுங்கியதற்காக இல்லை. சொத்தை வேர் வரைக்கும் இறங்கியிருந்தது, வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்த இடத்தில் அடுத்த பல் வர இன்னும் நான்கு வருஷம் ஆகும், அதுவரை இடத்தைக் காக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்கிறார்கள். பின்பல்லைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து முன்பல்லைத் தொடுகிற மாதிரி ஒரு கம்பி வளைவு. அவ்வளவுதான் அது. அது இல்லாமல் போனதால் என் பையன் இரண்டு வருஷம் வாய் நிறையக் கம்பியோடு இருந்தான். சாய்ந்த பல்லை நிமிர்த்தி, இடம் பிடித்து, உள்ளே கிடந்ததை வெளியே கொண்டுவந்தார்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் குழந்தையின் வாய்க்குள் என்னதான் நடக்கிறது என்று நான் படித்ததும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நிறைய. மற்ற அம்மா அப்பாக்களுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பால்பல் மொத்தம் இருபது. ஆறு வயதை ஒட்டி, அந்த இருபதுக்கும் பின்னால், நான்கு மூலையிலும் ஒவ்வொரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பால்பல் என்றே நினைத்துக்கொள்வோம். ஆனால் அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் அதுதான். 1899-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் பல்வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தியபோது இந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்தார். மேல் ஆறு வயதுப் பல்லும் கீழ் ஆறு வயதுப் பல்லும் எப்படிச் சந்திக்கின்றன என்பதை வைத்துத்தான் இன்றைக்கும் கிளாஸ் ஒன், டூ, த்ரீ என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். அது முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும் சுபாவம் உள்ள பல். அதைத் தடுத்து நிறுத்துவது முன்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பல். பால்பல் மெல்வதற்கு மட்டும் இல்லை, தனக்குக் கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும்தான் இருக்கிறது. அதோடு, அந்தக் கடைசிப் பால்பல் அடுத்து வரப்போகும் பல்லைவிட அகலம். கீழ்வரிசையில் பக்கத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடம் அந்த வகையில் மிச்சமாகும். முன்பற்கள் நெருக்கடியாக இருக்கும் குழந்தைக்கு அந்த 2 மில்லிமீட்டர் பெரிய சொத்து.

இதையெல்லாம் மூத்தவனுக்காகத் தெரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில் சின்னவளுக்கு ஏழு வயது முடிந்தது. அவள் விஷயத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை. மேல் முன்பல் இரண்டும் விரிசலாக முளைத்து நடுவில் சந்து விழுந்திருந்தது. “பொம்பளப் பிள்ளைக்குப் பல்லு இப்பிடி இருந்தா எப்பிடி? இப்பமே காட்டிருங்க” என்று ஊரிலிருந்து போனில் பெரியம்மா. கட்டடத்தில் ஒருத்தர், “உதட்டையும் ஈறையும் சேர்க்கிற நரம்பு தடிச்சிருக்கும், அதை வெட்டினா சரியாயிடும்” என்றார். எனக்கு ஒன்று உறைத்தது. பையன் வாய்க்குள் ஒரு பல்லே ஐந்து வருஷமாக இல்லை, யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு முன்னால் ஒரு சந்து விழுந்தால் நாலு ஊரில் பேச்சு. நாம் எல்லோரும் வாயை முன்னாலிருந்துதான் பார்க்கிறோம். சிரித்தால் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோமே தவிர, எப்படிக் கடிக்கிறது என்று பார்ப்பதில்லை. இது எனக்கும் சேர்த்துத்தான்.

அவளை நாயர் மருத்துவமனையின் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாநகராட்சி நடத்துவது, தனியார் கிளினிக்கோடு பார்த்தால் செலவு எவ்வளவோ குறைவு. சயானில் ஏறி, தாதரில் இறங்கி, பாலம் கடந்து வெஸ்டர்ன் லைன் பிடித்து மும்பை சென்ட்ரல். காலையிலேயே போனால்தான் மதியத்துக்குள் திரும்ப முடியும். முதுநிலை படிக்கும் டாக்டர்கள் பார்ப்பார்கள், அவர்கள் பார்த்ததைப் பேராசிரியர்கள் மறுபடி பார்ப்பார்கள். காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே வாயை இரண்டு மூன்று பேர் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சந்தைப் பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த டாக்டர் அம்மா சின்னவளிடம், “வாயைத் திற. இப்போ மெதுவா மூடு. பல்லு முதல்ல எங்க படுதோ அங்கேயே நிறுத்து” என்று இந்தியில் சொன்னார். அவள் நிறுத்தினாள். “இப்போ முழுசா கடி.” கடித்தாள். என்னைக் கூப்பிட்டு, “நாடியை, மோவாயைப் பாருங்கள்” என்று காட்டினார். மறுபடி திற, மெதுவாக மூடு, கடி. பல் முதலில் பட்ட நொடியில் மோவாய் நடுவில் இருந்தது. முழுசாகக் கடித்ததும் இடது பக்கம் நகர்ந்தது. நூல் அளவுதான். ஆனால் பார்த்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏழு வருஷமாகத் தினமும் சோறு ஊட்டின முகம். எனக்குத் தெரியவில்லை.

காரணத்தை அவர் சொன்னார். மேல்வரிசை கீழ்வரிசையைவிட அகலமாக இருந்து, டப்பாவை மூடி மூடுவது போல வெளியே சுற்றி உட்கார வேண்டும். இவளுக்கு மேல்தாடை குறுகல். இரண்டு பக்கமும் பல் முனையோடு முனை இடிக்கிறது. அப்படிக் கடித்தால் சௌகரியம் இல்லை, அதனால் கீழ்த்தாடையை ஒரு பக்கம் நகர்த்தி இடம் தேடிக் கடிக்கிறாள். இடது பக்கத்தில் மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. கிராஸ்பைட் என்கிறார்கள். வளரும் வயதில் வருஷக்கணக்காக இப்படியே கடித்தால் தாடை எலும்பும் ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி வளர்ந்துவிடலாம். “சந்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இதற்குக் காத்திருக்க வேண்டாம்” என்றார்.

நான் கொண்டுபோன கவலைக்கு அங்கே வைத்தியமே தேவைப்படவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றுதான் வைத்தியம் கேட்டது.

சந்தைப் பற்றி அவர் சொன்னது இது. ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்திருப்பது சகஜம். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேரை நெருக்குவதால் அப்படி. பதினொன்று பன்னிரண்டு வயதில் கோரைப்பல் முளைத்து வரும்போது அதுவே சந்தை மூடிவிடும். பிராட்பென்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-இல் இந்தப் பருவத்துக்கு அசிங்கமான வாத்துக்குஞ்சுப் பருவம் என்று பெயர் வைத்தாராம். எந்தக் குழந்தையின் காதிலும் விழக்கூடாத பெயர். சந்து 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தானாக முழுசாக மூடுவது சிரமம். நடுவில் ஒரு உபரிப் பல் உள்ளே ஒளிந்திருந்தாலும் சந்து விழும், அதனால் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்வார்கள். மற்றபடி கோரைப்பல் வருவதற்கு முன்னால், கட்டடத்துக்காரர் நரம்பு என்று சொன்ன அந்தச் சதையை வெட்டுவதற்கு அவசரமே இல்லை.

மேல்தாடை எலும்பு இரண்டு பாதி, அண்ணத்தின் நடுவில் தையல் போட்டது போல ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அந்தத் தையல் இறுகவில்லை. வளர வளர இறுகிக்கொண்டே போகும், பெரியவர்களானால் விரிக்க அறுவைச் சிகிச்சை வரைக்கும் போக நேரலாம். எட்டு வயதில் அண்ணத்தில் ஒரு கருவியை மாட்டி, நடுவில் இருக்கும் திருகை ஒரு சின்னச் சாவியால் திருப்பினால் போதும். ஒரு திருப்புக்குச் சுமார் கால் மில்லிமீட்டர்.

சாவி என் கையில். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் என் மடியில் தலை வைத்து அண்ணாந்து படுப்பாள். அண்ணன் மொபைல் டார்ச்சைப் பிடிப்பான். திருகில் இருக்கும் துளையில் சாவியை நுழைத்து முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ளி, அடுத்த துளை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியது. “வலிக்குதாம்மா?” “இல்லம்மா, மூக்கு இறுக்கற மாதிரி இருக்கு.” கண்ணில் லேசாகத் தண்ணீர். ஐந்து நிமிஷத்தில் எழுந்து விளையாடப் போய்விடுவாள். ஒரு வாரத்தில் முன்பல் சந்து பெரிதாகத் தொடங்கியது. அரிசி மணி போகும் அளவு இருந்தது, புளியங்கொட்டை போகும் போலாயிற்று. மாமியார் பதறிவிட்டார்: “சந்தை அடைக்கப் போயி இன்னும்லா பொளந்து வச்சிருக்காக!” நடுத்தையல் விரிகிறது, வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் தப்பித்தேன். மொத்தம் 22 திருப்பு. பிறகு திருகை அடைத்துவிட்டு, விரிந்த இடத்தில் எலும்பு ஊறுவதற்காகக் கருவியை ஆறு மாதம் அப்படியே விட்டார்கள். பெரிதான சந்து அந்த ஆறு மாதத்துக்குள் தானாகவே பழைய அளவுக்குச் சுருங்கியது. கடித்தால் நாடி நடுவில் நிற்கிறது.

நாயருக்கு முதலில் போன அன்றைக்கே இன்னொன்றும் கேட்டிருந்தார்கள்: தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை உண்டா? இரண்டும் இருந்தது. மூக்கடைப்பில் வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு மேல்தாடை குறுகலாக இருப்பது அடிக்கடி பார்ப்பதுதான் என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் அனுப்பினார்கள்.

குழந்தையை முதல் தடவை காட்ட ஏழு வயது என்பது அமெரிக்க ஆர்த்தோடாண்டிஸ்ட் சங்கம், அதாவது பல்வரிசையைச் சீராக்கும் டாக்டர்களின் சங்கம், சொல்லும் கணக்கு. ஏழு வயதுக்கு மேல் தள்ளாமல் ஒரு தடவை காட்டுங்கள் என்கிறார்கள். அந்த வயதில் ஆறு வயதுக் கடைவாய்ப்பற்கள் வந்திருக்கும், முன்பற்கள் சில மாறியிருக்கும், பின்னால் கடி எப்படி, முன்னால் கடி எப்படி, இடம் போதுமா என்று மூன்றையும் பார்த்துவிடலாம். இங்கேதான் ஒரு குழப்பம். காட்டுவது என்றால் கம்பி போடுவது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். “எல்லாப் பல்லும் மாறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்வது அதனால்தான். கம்பிக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் சரி. பார்ப்பதற்குத் தப்பு. ஏழு வயதில் காட்டும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாமல் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வரச்சொல்லித்தான் அனுப்புவார்கள்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தரின் எட்டு வயதுப் பையனுக்கு எத்துப்பல். உடனே ஒரு கட்டம், பிறகு பதின்மூன்றில் இன்னொரு கட்டம் என்று ஒரு இடத்தில் பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். இதைப் பல ஆய்வுகள் சேர்த்து எடைபோட்டுப் பார்த்திருக்கின்றன. சின்ன வயதில் ஒரு கட்டம், பிறகு ஒரு கட்டம் என்று செய்தாலும், வளரும் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்தாலும் கடைசியில் பல்வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். சீக்கிரம் செய்வதில் கிடைக்கும் ஒரே தெளிவான லாபம், விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது குறைகிறது. பையன் நாள் முழுக்கக் கல்லி கிரிக்கெட் ஆடுகிறவன், உதடு பல்லை மூடவே இல்லை, அல்லது பள்ளியில் கேலி செய்து பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறான் என்றால் அது பெரிய லாபம்தான். இல்லையென்றால் உயரம் சடசடவென்று கூடும் பருவம் வரை பொறுக்கலாம், பெண்ணுக்குப் பதினொன்றை ஒட்டி, பையனுக்குப் பதின்மூன்றை ஒட்டி. ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ட்வின் பிளாக் போன்ற, கழற்றி மாட்டும் கருவிகள் அந்த வளர்ச்சியோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

கீழ்த்தாடை முன்னால் நீண்டு கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டிக் கடிக்கும் குழந்தைக்குக் கணக்கே வேறு. அவர்களைப் பொறுக்கச் சொல்லாதீர்கள். மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக்கருவி பத்து வயதுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும். “அவங்க தாத்தா நாடி அப்பிடியேலா” என்று பெருமையாகப் பேசிப் பேசியே அந்தக் காலம் கடந்துவிடும்.

விரல் சூப்புவது நான்கு வயதுக்குள் நின்றால் பெரிய பாதகம் இல்லை, நிரந்தர முன்பல் முளைக்கும்போதும் சூப்பிக்கொண்டிருந்தால் காட்ட வேண்டும். கீழே பால்பல் விழுவதற்கு முன்னாலேயே பின்னால் இரண்டாவது வரிசை மாதிரிப் பல் முளைத்தால் பயப்பட வேண்டாம், பால்பல் ஆடி விழுந்ததும் நாக்கே அதை முன்னால் தள்ளிவிடும். ஒரு பக்கம் பல் விழுந்து புதுசு முளைத்து, மறுபக்கம் அதே பல் ஆறு மாதமாகியும் அசையவில்லை என்றால் அது எக்ஸ்ரேக்கு உரிய விஷயம். சிலருக்கு அடியில் பல்லே உருவாகியிருக்காது.

யாரிடம் காட்டுவது என்றால், பிடிஎஸ் முடித்த எல்லாப் பல் டாக்டரும் ஆர்த்தோடாண்டிஸ்ட் இல்லை. அதற்கு மேல் மூன்று வருஷம் எம்டிஎஸ் அதே பிரிவில் படித்திருக்க வேண்டும். “எம்டிஎஸ் எதில்?” என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கான பல் டாக்டர் என்று தனிப் படிப்பும் உண்டு. ஸ்பேஸ் மெயின்டெய்னரை அவர்களே வைத்துவிடுவார்கள். எந்த டாக்டரானாலும் பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால், எழுந்து வருவதற்கு முன் அந்த இடத்தை என்ன செய்வது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

மூத்தவனுக்குப் போன தீபாவளிக்கு முன்னால் கம்பியை எடுத்தார்கள். நிமிர்த்திய பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னரை ராத்திரி போட்டுக்கொண்டு தூங்குகிறான். படுத்துக் கிடந்த அந்தப் பல் இப்போது வரிசையில் நிற்கிறது, பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் வெண்மையாக.

சின்னவளுக்கு வரும் ஜூலையில் பத்து முடிகிறது. அடுத்து பார்க்க வேண்டியது மேல் கோரைப்பல். எல்லாப் பல்லிலும் அதிக தூரம் நடந்து வருவது அதுதான், வழி தவறி அண்ணத்துப் பக்கம் திரும்பிவிடுவதும் அதுதான். பத்து வயதுக்குள் பால் கோரைப்பல்லுக்கு மேலே, ஈறின் வெளிப்பக்கத்தில், விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட வேண்டுமாம். தட்டுப்படாமல் எக்ஸ்ரேயில் அது உள்பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தால், நேரத்தோடு அந்தப் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல பேருக்கு அது தானாக வழிக்கு வந்துவிடுகிறது என்று ஸ்வீடனில் 1988-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி பல் தேய்த்துவிட்டு வந்தவளை மடியில் படுக்க வைத்து, கையைக் கழுவி, மேலுதட்டுக்கு உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் பச்சைப்பட்டாணி மாதிரி ஒரு மேடு. வலது பக்கம் இன்னும் சமதளமாகத்தான் இருக்கிறது. “என்னம்மா தேடுற?” என்றாள், வாய்க்குள் விரலோடு. மே மாதம் ஊருக்குப் போவதற்கு முன்னால் நாயருக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.